நீல மேக்கும் மாரீஸ்வரியின் ஞாயிறுகளும்

“எல்லாரும் அப்பால திரும்புங்கடி. செவுத்தப் பாத்து நில்லுங்க.”

வார்டன் கோமளா அக்கா சொன்னதும் டி.வி. ரூமில் இருந்த அத்தனை பெண்களும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றோம். ஞாயிற்றுக்கிழமை காலை. பாதிப் பேர் தலையில் எண்ணெய் வைத்திருந்தார்கள். சீயக்காய் வாசனையும், மாடியில் காய்ந்த யூனிஃபார்ம்களின் சோப்பு வாசனையும் அறைக்குள் கலந்து கிடந்தன. அக்கா ஒற்றை விரலால் கீபோர்டைத் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. டக். ரொம்ப நேரம் கழித்து இன்னொரு டக்.

அவர் அடித்துக்கொண்டிருந்தது ஹாஸ்டல் பிராட்பேண்டின் பாஸ்வேர்டு. உயிரே போனாலும் அதை யாருக்கும் சொல்ல மாட்டார்.

“இன்னாது இது, எடுக்க மாட்டேங்குது?”

மறுபடியும் டக், டக். மறுபடியும் எடுக்கவில்லை. அலுத்துப்போய் அக்கா தலையைத் தூக்கினார். உடனே ஒரு கத்தல்.

“ஏய், இவ இன்னா பாத்துகினே கீறா!”

நான் திரும்பினேன். மாரீஸ்வரி மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பவே இல்லை. மேஜையை ஒட்டி நின்று கீபோர்டை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா வாயால் போட்ட உத்தரவு அவளுக்கு எப்படிப் போய்ச் சேரும்? அவளுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது.

காதும் கண்ணும்

போன வாரம் எழுதிய ஹாஸ்டல் கிச்சடிக் கதையைப் படித்துவிட்டுப் பழைய தோழி ஒருத்தி போன் செய்தாள். “எல்லாத்தையும் எழுதுத, அந்த நீல டப்பாவ விட்டுட்டியேட்டி” என்றாள். விடவில்லை. அதற்குத் தனியாக ஒரு வாரம் வேண்டும் என்று எடுத்து வைத்திருந்தேன்.

அப்போது நான் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு செல்போன் கம்பெனியில் இருந்தேன். சங்கரன்கோவிலில் இருந்து ஒரு தகரப் பெட்டியோடும் முப்பிடாதி என்ற பேரோடும் வந்தவள். பேர் நீளம் என்று போன் பூட்டும் லைனில் எல்லாரும் முப்பி என்று சுருக்கிவிட்டார்கள். என் வேலை சத்தம் சோதிப்பது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு போனும் ஒழுங்காகப் பேசுகிறதா என்று கேட்க வேண்டும். ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் ஏறிய பிறகும் காதுக்குள் ஒரு கீச்சு ஓடிக்கொண்டே இருக்கும்.

மாரீஸ்வரிக்கு எனக்கு அடுத்த பகுதி. கீறல், புள்ளி, விளிம்பில் மயிரிழை விரிசல், எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அருப்புக்கோட்டைப் பக்கம் ஊர். காது கேட்காத பெண்கள் இன்னும் சிலரும் அங்கே வேலை பார்த்தார்கள். ஹாஸ்டலில் அவளும் நானும் ஒரே அறை.

சைகை மொழியை அவளிடம்தான் கற்றேன். முதலில் சோறு, தண்ணீர், பஸ், சூப்பர்வைசர். (சூப்பர்வைசருக்கான சைகையை இந்தப் பத்திரிகையில் விளக்க முடியாது.) பிறகு கோபம், பொறாமை, பொய். எனக்கு அவள் ஒரு பேர் வைத்தாள்: இரண்டு கையாலும் காதைப் பொத்துவது. ஹெட்போன்காரி.

ஒரு வருஷத்தில் நான் அவளுக்குக் குரலாகிவிட்டேன். அவள் அப்பா என் போனுக்குத்தான் கூப்பிடுவார். அவர் சொல்வதை நான் கையால் அவளுக்குச் சொல்வேன். அவள் கையால் சொல்வதை வாயால் அவருக்குச் சொல்வேன். நாள் முழுக்கக் கம்பெனியில் போன்களைச் செய்துவிட்டு வருகிறவளுக்கு, வீட்டோடு பேச இன்னொருத்தியின் வாய் வேண்டியிருந்தது.

மாப்பிள்ளை பேசினார்கள்

தீபாவளி கழிந்து கொஞ்ச நாளில் அவள் அப்பா கூப்பிட்டார்.

“தாயி, அவட்டச் சொல்லு. பாளையங்கோட்டைல ஒரு பையன் இருக்கான். சுடலைமணின்னு பேரு. போட்டோவுக்குக் கண்ணாடி ஃபிரேம் போடுற கடையில வேல. அவனுக்கும் காது கேக்காது. நல்ல குணம்னு சொல்றாங்க. அவன் சம்மதிச்சுட்டானாம்.”

சொன்னேன். மாரீஸ்வரி வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். பழத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

“யார் யார் பேசினார்கள்?”

“அப்பா, அவங்க அப்பா, தரகர்.”

“அவர் பேசினாரா?”

நான் உதட்டைப் பிதுக்கினேன்.

“நானும் பேசவில்லை. பேசாத ஆளை எப்படிக் கட்டிக்கொள்வது? பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்.”

போனில் பேச முடியாது. எழுத்தும் அவளுக்குக் கை கொடுக்காது. எழுத்துத் தமிழ் அவளுக்கு யாரோ தூரத்து உறவு மாதிரி. மெசேஜ் அடித்தால் பாதி மனசுதான் போய்ச் சேரும். கையையும் முகத்தையும் பார்த்தால்தான் அவளுக்குப் பேச்சு.

அதனால் சந்தையை ஒட்டியிருந்த பிரவுசிங் சென்டருக்கு ஒரு மாலை போனோம். கேமரா வேலை செய்ததே பெரிய அதிர்ஷ்டம். முதலில் சோதனைக்காகத் தன் பள்ளித் தோழி ஒருத்தியைக் கூப்பிட்டுக் கையசைத்துப் பேச ஆரம்பித்தாள். பக்கத்துத் தடுப்பில் இருந்த பையன் எட்டிப் பார்த்தான். பிறகு அவன் நண்பன். பிறகு கடைக்காரரே வந்து நின்றார். ஒருவன் அவள் கையை மாதிரி செய்து காட்டிச் சிரித்தான். அவள் எழுந்து வெளியே போய்விட்டாள். பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கையைத் துப்பட்டாவுக்குள்ளேயே வைத்திருந்தாள்.

மேஜை விரிப்புக்குக் கீழே

எங்கள் ஹாஸ்டல் முன்பு மிஷின் பூட்ட வந்த கொரிய இன்ஜினீயர்கள் தங்கிய வீடு. அவர்களில் யாரோ விட்டுப்போன பழைய மேக் கம்ப்யூட்டர் ஒன்று டி.வி. ரூம் மூலையில் இருந்தது. நீலக் கண்ணாடி நிறம், முட்டை வடிவம், பின்பக்கம் பார்த்தால் உள்ளே இருக்கிற தகடெல்லாம் தெரியும். கோமளா அக்கா அதன் மேல் பூப்போட்ட விரிப்பைப் போர்த்திப் பிள்ளையார் படம் வைத்திருந்தார்.

அக்காவின் ஆபீஸ் அறையில் நெட் உள்ள கம்ப்யூட்டர் ஒன்று உண்டு. அதைத் தொட அனுமதி இல்லை. மாரீஸ்வரியை அக்காவிடம் கூட்டிப் போய் விஷயத்தைச் சொன்னேன். சென்டரில் நடந்ததையும் சொன்னேன். அக்கா மாரீஸ்வரியின் முகத்தைப் பார்த்தார்.

“ஆபீஸ் மிஷின்ல கை வெக்கக் கூடாது. கணக்கு கீது அதுல. அந்த நீல டப்பாவ வேணா என்னாத்தயோ பண்ணிக்கோ. ஒயரு நான் தர்றேன்.”

விரிப்பை எடுத்தோம். சுவிட்சைப் போட்டதும் கோயில் மணியை ஒருமுறை மெதுவாகத் தட்டிய மாதிரி ஒரு நாதம் வந்தது. மாரீஸ்வரி அதன் தலைமேல் உள்ளங்கையை வைத்திருந்தாள். கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சத்தம் அவள் கைக்கும் வந்திருந்தது.

திரை முழுக்கக் கொரிய எழுத்து. நான் கைவிட்டேன். அவள் விடவில்லை. அவளுக்கு எந்த எழுத்தும் பாதிப் படம்தான். படங்களாகவே பார்த்துப் போய் நீலக் கொடி ஒன்றைக் கண்டுபிடித்தாள். அதை அழுத்தியதும் மொழிகளின் வரிசை வந்தது. ஆங்கிலத்தை மேலே இழுத்துவிட்டு மறுபடி நுழைந்தால் எல்லாம் படிக்க முடிந்தது.

நெட்தான் வரவில்லை. லைனில் ஒரு போன் ஃபெயில் ஆனால் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்த ஒரே பாடம்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. அதையே செய்தோம். முதலில் ஒயர். மோடத்தில் அதற்கான விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. ஒயர் முனையில் பிடித்துக்கொள்ளும் கிளிப் உடைந்திருந்ததால் நிற்காமல் நழுவிக்கொண்டிருந்தது. ஒரு ஹேர்பின்னை வளைத்துச் செருகினாள். விளக்கு நிலையாக எரிந்தது. அப்படியும் நெட் இல்லை.

அடுத்தது செட்டிங். பழைய ஆபீஸின் முகவரி எண் ஒன்றை யாரோ நிரந்தரமாகப் பதிந்து வைத்திருந்தார்கள். அழித்தோம். மேக் தானாக ஓர் எண்ணைப் போட்டுக்கொண்டதே தவிர, மோடம் அதற்கு எந்தப் பதிலும் தரவில்லை. ஆபீஸ் கம்ப்யூட்டரில் அக்கா தினமும் என்ன செய்கிறார் என்று எட்டி நின்று பார்த்தபோதுதான் புரிந்தது. அந்த மோடம் பழைய ரகம். கம்ப்யூட்டரிலேயே பேரும் பாஸ்வேர்டும் போட்டு டயல் செய்ய வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு கம்ப்யூட்டருக்குத்தான் நெட்.

அதாவது, அக்கா தன் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வந்து, இதில் பாஸ்வேர்டு போட வேண்டும்.

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லாரும் சுவரைப் பார்த்து நின்றோம்.

அக்கா கத்திய முகத்தைப் பார்த்தும் மாரீஸ்வரி பயப்படவில்லை. குனிந்து கீபோர்டின் ஒரு கட்டையைத் தொட்டுக் காட்டினாள். அதில் கடுகளவு பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எல்லா எழுத்தையும் பெரிய எழுத்தாக்கும் கட்டை. யார் கை பட்டு எப்போது அழுந்தியதோ. அணைத்தாள். பிறகு தானாகவே மரியாதையாகச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

டக், டக், டக்.

“வந்துடிச்சுடி!” என்றார் அக்கா. அவர் குரலில் இருந்த பெருமையைப் பார்த்தால் நெட்டையே அவர்தான் கண்டுபிடித்தார் என்று தோன்றும்.

மெசஞ்சரின் பழைய பதிப்பை இறக்கினோம். மாரீஸ்வரி தன் சம்பளத்தில் ஒரு சின்ன கேமரா வாங்கி வந்தாள். மூலையில் இருந்த தேதி தப்பாக இருந்ததைப் பார்த்து அதையும் சரியாக வைத்தாள். தப்பானது எதையும் அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

முதல் பேச்சு

அடுத்த ஞாயிறு. பாளையங்கோட்டையில் சுடலைமணி தன் நண்பனின் பிரவுசிங் சென்டரில், கூட்டம் வருவதற்கு முன்னால், தனியாக உட்கார்ந்திருந்தார். கட்டம் போட்ட சட்டை, படிய வாரிய தலை. படம் தொடர்ச்சியாக வரவில்லை. ஒரு படம் வரும், நிற்கும், அடுத்த படம் வரும். கை இங்கே இருக்கும், கண் சிமிட்டுவதற்குள் அங்கே இருக்கும். நடுவே அவர் சொன்னது காற்றோடு போய்விடும்.

போதாததற்கு இருவரும் வேறு வேறு பள்ளியில் படித்தவர்கள். மெட்ராஸ் தமிழும் திருநெல்வேலித் தமிழும் மாதிரி சைகையிலும் ஊர் வாடை உண்டு. அவர் ‘அம்மா’ என்று காட்டியதை அவள் ‘மூக்குத்தி’ என்று புரிந்துகொண்டு, போடமாட்டேன் என்றாள்.

மாரீஸ்வரி கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள். பிறகு ஒரு சைகையைப் பெரிதாக, மெதுவாகச் செய்து, அப்படியே கையை நிறுத்தினாள். அங்கே படம் போய்ச் சேர்ந்ததும் அவர் தலையாட்டினார். அப்புறம்தான் அடுத்த சைகை. அவரும் அப்படியே செய்தார். கோலத்தில் புள்ளி வைப்பது மாதிரி ஒவ்வொன்றாக வைத்து வைத்துப் பேசினார்கள்.

“நீ சம்மதித்துவிட்டாய் என்று சொன்னார்கள்” என்றார் அவர்.

“நீங்கள் சம்மதித்துவிட்டீர்கள் என்று என்னிடம் சொன்னார்கள்.”

“என்னை யாரும் கேட்கவே இல்லை.”

“என்னையும்.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர் சிரிப்பு துண்டு துண்டாக வந்து சேர்ந்தது. பிறகு அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, வந்த விஷயத்தைக் கேட்டாள்.

“கல்யாணம் ஆனால் வேலையை விடச் சொல்வீர்களா?”

அவர் கையைத் தூக்கினார். கரண்ட் போனது.

அந்த ஒரு வாரம்

அந்த வருஷங்களில் கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வந்தபோது அவர் நேரம் முடிந்திருந்தது. தூக்கிய அந்தக் கை என்ன சொல்ல வந்தது என்பது தெரியாமலே மாரீஸ்வரி ஒரு வாரம் ஷிப்டுக்குப் போய் வந்தாள். மெசேஜில் கேட்கலாமே என்றேன். “முகம் பார்க்க வேண்டும்” என்றாள்.

வார நடுவில் அவள் அப்பா கூப்பிட்டார். பேசிக்கொண்டிருக்கிறார்கள், இன்னும் முடிவாகவில்லை என்றேன். மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது.

“வாயில்லாத பிள்ளைக அப்படி என்னத்தப் பேசுமாம்?”

அவள் என் எதிரிலேயே இருந்தாள். என் முகத்தைப் பார்த்து, “என்ன சொன்னார்?” என்று கேட்டாள். வேறு எதையாவது சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் குரலாக இருக்க ஒப்புக்கொண்டவள் சொல்லை மாற்றலாமா? சொன்னேன். அவள் கண் கலங்கியது. துடைத்துக்கொண்டு பதில் தந்தாள்.

“வாய் இருக்கிறவர்கள் பேசித்தான் இந்தக் குழப்பம். அதையும் சொல்.”

அதையும் சொன்னேன். மறுமுனையில் போன் வைக்கும் சத்தம் கேட்டது.

ஞாயிறு வந்தது. மேக்கைப் போட்டோம். அக்கா பாஸ்வேர்டு அடித்தார், நெட் வந்தது, பக்கங்கள் திறந்தன. மெசஞ்சர் மட்டும் உள்ளே விட மறுத்தது. ஒயரைப் பிடுங்கிச் செருகினேன். மோடத்தை அணைத்துப் போட்டேன். பேரைத் திருப்பி அடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பாளையங்கோட்டையில் அவர் காத்திருப்பார். மாரீஸ்வரி நகத்தைக் கடிக்க ஆரம்பித்தாள்.

ஒரு நேரத்தில் ஒன்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரையை ஒரு மூலையிலிருந்து பார்த்து வந்தேன். மேல் மூலையில் கிழமை போட்டிருந்தது. வியாழன்.

அன்றைக்கு ஞாயிறு.

அழுத்திப் பார்த்தால் 1970. எங்கள் இருவரின் அம்மாக்களே பாவாடை கட்டித் திரிந்திருக்கக்கூடிய வருஷம். மேக்கினுள் நேரத்தை நினைவில் வைக்கும் சின்ன பேட்டரி எப்போதோ செத்துப் போயிருந்தது. கரண்ட் போகும்போதெல்லாம் அது காலத்தை மறந்துவிடும். மெசஞ்சர் உள்ளே விடும் முன் தேதியைப் பார்க்கும்போலிருக்கிறது. தேதியைச் சரி செய்தேன். உள்ளே விட்டது.

கட்டம் போட்ட அதே சட்டை. அவர் முதலில் சொன்னது: “போன வாரம் படம் நின்ற பிறகும் நான் பேசிக்கொண்டே இருந்தேன். நண்பன்தான் வந்து தோளைத் தட்டினான்.”

“என்ன பேசினீர்கள்?”

“வேலையை விடச் சொல்ல மாட்டேன். அங்கே எனக்கு வேலை கிடைக்குமா என்று கேட்டேன்.”

மாரீஸ்வரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். சரியாகத்தான் பார்த்தேனா என்று கேட்கிற மாதிரி. நான் தலையாட்டினேன். அவள் அதோடு விடவில்லை.

“சோறு யார் ஆக்குவது?”

“எனக்குச் சமைக்கத் தெரியாது. அம்மாதான்.”

“ஒரு வாரம் நீங்கள், ஒரு வாரம் நான்.”

படம் நின்றுவிட்டது. அவர் அசையவே இல்லை. ஒயரை நான் அழுத்திப் பார்த்தேன். மோடத்தைப் பார்த்தேன். எல்லா விளக்கும் எரிந்தது. கடைசியில் அவர் கை மெதுவாக உயர்ந்தது. நெட் போகவில்லை. மனிதர் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

“சொல்லிக்கொடு” என்றார்.

பிறகு

சரி என்று அவள் அன்றைக்கும் சொல்லவில்லை. வாராவாரம் பேசினார்கள். ஒவ்வொரு ஞாயிறும் முதல் வேலை மேக்கை 1970-இலிருந்து கூட்டி வருவது. கோமளா அக்கா பாஸ்வேர்டு அடித்துவிட்டு நாற்காலியைக் கதவருகே போட்டு உட்கார்ந்துகொள்வார். யாராவது எட்டிப் பார்த்தால், “இன்னா வேடிக்கை? போய்த் துணி தோய்டி” என்று விரட்டுவார். முதலில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த நானும் போகப் போக, நெட் வந்ததும் எழுந்து குளிக்கப் போனேன்.

அவள் அப்பா கொஞ்ச காலம் கூப்பிடவே இல்லை. பிறகு ஒருநாள் அவர் குரல், பழைய கனம் இல்லாமல். “அந்தப் பையன் என்னதான் சொல்றானாம்? கேட்டுச் சொல்லு தாயி.”

சித்திரையில் சரி என்றாள். ஆவணியில் கல்யாணம். ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் அவருக்கு வேலை கிடைத்தது. படப்பையில் வீடு பார்த்துக்கொண்டார்கள். அவர் வைக்கும் ரசம் நன்றாக இருக்கும், உப்பு மட்டும் தூக்கல். ஹாஸ்டல் வேறு கைக்கு மாறியபோது மேக் எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை.

ஆனால் அவர்களை நினைத்தால் எனக்கு வருவது கல்யாணம் அல்ல. அதற்கு முன்னால் ஒரு சாயங்காலம்.

ஒரகடத்தில் இன்டர்வியூவுக்காக அவர் முதல்முறை வந்திருந்தார். முடிந்ததும் நாங்கள் இருவரும் அவரைச் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ரயிலேற்றிவிடப் போனோம். ஷேர் ஆட்டோவில் அவர்கள் எதிரெதிரே உட்கார்ந்து வந்தார்கள். இப்போது நடுவில் நெட் இல்லை. ஆனாலும் அவள் ஒரு சைகை செய்து கையை நிறுத்துவாள், அவர் தலையாட்டும் வரை காத்திருப்பாள். ஸ்டேஷன் வந்த பிறகுதான் இருவருக்கும் அது உறைத்து, வெட்கப்பட்டார்கள்.

செங்கல்பட்டு வண்டிக்கு அவர் படியேறி எதிர் பிளாட்பாரத்துக்குப் போனார். வண்டி தாமதம். ஹாஸ்டலுக்குத் திரும்ப எங்களுக்கு ஆட்டோ இந்தப் பக்கம் என்பதால் நாங்கள் இங்கேயே நின்றோம். அவருக்குப் பின்னால் ஒரு கூட்ஸ் வண்டி நீளமாகப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு குடும்பம், எதிரில் நின்ற பையனிடம் ஏதோ கத்திச் சொல்லிப் பார்த்து, கேட்காமல் கையை விரித்து விட்டுவிட்டது. பிளாட்பாரம் முழுக்க வாய்கள் அசைந்தன, ஒன்றும் கேட்கவில்லை.

அவர்கள் இருவரும் மட்டும் பேசிக்கொண்டிருந்தார்கள். இப்போது நிறுத்தவில்லை, காத்திருக்கவில்லை. கை பறந்தது. எனக்கு ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை.

அவள் தோளைத் தொட்டு, “என்ன சொல்கிறார்?” என்று கேட்டேன்.

அவரிடமிருந்து கண்ணை எடுக்காமலே ஒரு கையால் பதில் சொன்னாள்.

“உனக்கு இல்லை.”

அத்தனை மாதத்தில் அவள் என்னிடம் மறைத்த முதல் பேச்சு அதுதான். எனக்கு மனசு நிறைந்துபோனது. போய் இரண்டு டீ வாங்கி வந்து ஒன்றை அவளிடம் நீட்டினேன். வண்டி வரும் வரை அந்த டம்ளரையும் நானே பிடித்துக்கொண்டு நின்றேன். வாங்கிக்கொள்ள அவளுக்குக் கை ஒழியவில்லை.